மதிப்பீடு எழுத முன் ஒழுங்கைக்கு வாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மாநகர, நகர, பிரதேச சபைகளின் முதல்வர்கள், தவிசாளர்கள், உறுப்பினர்கள், ஆணையாளர்கள், செயலாளர்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் அனைவருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு பெரும்பாலான சபைகள் மறுபடியும் மக்கள் பிரதிநிதிகளிடம் வந்திருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் சேர்ந்த ஒழுங்கை (சிறிய உள்வீதி), வடிகான், மதகு, தெருவிளக்குக் கோரிக்கைகள் உங்கள் மேசையில் குவிந்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யப்போகும் இந்த நேரத்தில், அந்தந்த ஒழுங்கையில் குடியிருப்பவர்களை வேலைக்குள் எப்போது, எப்படிச் சேர்ப்பது என்பது பற்றியே இந்த மடல்.

இப்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். சனம் முதன்முதலில் வேலையைப் பற்றி அறிவது பெயர்ப்பலகை நாட்டும் நாளில். நீளம், அகலம், மட்டம், வடிகான் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதற்கு முன்பே வேலையின் செலவு மதிப்பீட்டில் எழுதி ஒப்பமிட்டாகிவிட்டது. "தம்பி, மாரிக்குத் தண்ணி எங்கால போகும்?" என்று ஒரு வயோதிபர் அன்றைக்குக் கேட்டால், தொழில்நுட்ப உத்தியோகத்தர் மனம் வைத்தாலும் ஒன்றும் மாற்ற முடியாது. மாற்றினால் திருத்திய மதிப்பீடு வேண்டும், மேலதிகாரியின் அனுமதி வேண்டும், அதற்குள் ஆண்டு முடிந்துவிடும். அந்தக் கேள்வி சரியான கேள்விதான். பிந்திக் கேட்க வைத்தது நமது நடைமுறை.

சட்டம் இதற்குத் தடையில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் நெடுந்தலைப்பே, உள்ளூர் நிர்வாக, அபிவிருத்தி வேலைகள் பற்றிய தீர்மானங்களில் மக்கள் பயனுறப் பங்குகொள்ள அதிக வாய்ப்பளிப்பதை நோக்கமாகச் சொல்கிறது. உறுப்பினரல்லாத குடியிருப்பாளர்களைச் சபைக் குழுக்களில் சேர்க்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உள்நாட்டு நிதியில் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமென்றால், வேலை தொடங்க 3 மாதங்களுக்கு முன்பே அதன் விவரங்களைப் பொதுமக்களுக்கும் அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று துறைக்குப் பொறுப்பான அமைச்சருக்கு அது கடமை விதிக்கிறது. இன்றைய விலைக்கு 100 மீற்றர் கொங்கிறீட் ஒழுங்கை அந்த எல்லையைத் தாண்டிவிடும். விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கச் சொல்லாமல், மதிப்பீட்டை நீங்களாகவே ஒழுங்கை வாசலில் ஒட்டலாம்.

நாங்கள் கேட்பது மூன்று இடங்களில் மக்களுக்கு உறுதியான பங்கு: மதிப்பீடு எழுத முன், கொங்கிறீட் போடும் நாளில், கடைசிப் பணம் கொடுக்க முன். இவற்றில் முதலாவதுதான் பெரியது.

நமது கரையோர நிலம் ஆளை ஏமாற்றும். கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும், அப்பால் கல்முனை, காரைதீவு, திருக்கோவில் பக்கமும் பெரும்பாலும் மணல் தரை. மே, யூனில் அளக்கப் போகும் உத்தியோகத்தர் காண்பது காய்ந்த மணல். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் நின்ற இடத்திலேயே உறிஞ்சும். கார்த்திகை, மார்கழியில் கிணற்று நீர் தரைக்குக் கிட்ட ஏறிவிடும். அப்போது மணல் ஒரு சொட்டும் குடிக்காது. பெய்தது அத்தனையும் மேலே ஓட வேண்டும். அது எந்தப் பக்கம் ஓடும், எந்த வளவில் எத்தனை நாள் நிற்கும், முன்பு எந்தக் காணிக்குள்ளால் வாய்க்கால் இருந்து பிறகு மூடப்பட்டது என்பதை அளவுக் கருவி சொல்லாது. அங்கு இருபது மாரி கண்டவர்கள் சொல்வார்கள். 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தின் கறை இன்னும் சில வீட்டுச் சுவர்களில் இருக்கிறது. வெள்ளையடிக்க முன் அந்தக் கோட்டை அளந்து குறித்துக்கொண்டாலே வரைபடத்துக்குப் பெறுமதியான தரவு கிடைக்கும்.

எனவே மதிப்பீட்டுக்கு முன் ஒரு ஒழுங்கை நடை வையுங்கள். அரைநாள் போதும். தேவை 10 மி.மீ. ஒளிபுகும் பிளாஸ்டிக் டியூப் 20 மீற்றர், இரண்டு தடி, ஒரு அளவுநாடா, சுண்ணாம்புக்கட்டி. டியூபில் தண்ணீர் நிரப்பும்போது காற்றுக் குமிழி ஒன்றும் இருக்கக் கூடாது. குமிழி இருந்தால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்காமல் கணக்குப் பிழைக்கும். ஒழுங்கைக்கு வெளியே அசையாத ஒரு புள்ளியை, ஒரு மதகின் மேல்விளிம்பு என்று வையுங்களேன், அடிப்படையாக எடுத்து ஒவ்வொரு வீட்டுப் படலை வாசலின் மட்டத்தையும் குறிக்க வேண்டும். எந்த வீடு எல்லாவற்றிலும் தாழ்வு, எது உயரம் என்பது கடதாசியில் வந்துவிடும். அளவை வீட்டுக்காரரே பிடித்துப் பார்க்கட்டும். பிறகு "என்ர வளவுக்குத் தண்ணி விடுறாங்க" என்ற சண்டை வராது, வந்தாலும் பேசித் தீர்க்க ஒரு கணக்குக் கையில் இருக்கும்.

இந்த மட்டக் கணக்கு இல்லாததால் நடக்கும் கேடுகளில் முதலாவது, வீதி உயர்ந்து வளவு தாழ்வது. பழைய கிறவல் வீதியைத் தோண்டாமல், அதன் மேலேயே 150 மி.மீ. கொங்கிறீட் போட்டுவிடுகிறார்கள். அடுத்த மாரிக்கு ஒழுங்கை காய்ந்திருக்கும், இரண்டு பக்க வளவும் கிண்ணமாகத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். வசதியுள்ளவர் மண் நிரப்பி வளவை உயர்த்துவார். அந்தத் தண்ணீரும் சேர்ந்து வசதியில்லாதவரின் குசினிக்குள் போகும். முடித்த வீதியின் மேல்மட்டம் ஆகத் தாழ்ந்த படலை வாசலிலிருந்து குறைந்தது 100 மி.மீ. கீழே இருக்க வேண்டும் என்று மதிப்பீட்டிலேயே எழுதுங்கள். அதற்குத் தோண்டும் செலவைத் தனி உருப்படியாகச் சேருங்கள். அந்த உருப்படி இல்லாவிட்டால் எந்த ஒப்பந்தகாரரும் தோண்டமாட்டார்.

இரண்டாவது கேடு, போய்ச்சேர இடமில்லாத வடிகான். 300க்கு 1 என்ற சரிவு வைத்தால் 250 மீற்றர் வடிகான் முடியும் இடத்தில் அடி 83 செ.மீ. கீழே போயிருக்கும். வாவிக்கரைப் பக்கம் அவ்வளவு இறக்கம் பல இடங்களில் கிடையாது. மாரியில் வாவி நிரம்பி, அது கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டும் வரைக்கும் வடிகானின் வாய் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். உள்ளே நிற்பது பின்வாங்கி வீடுகளுக்கு வரும். சாய்ந்தமருதுத் தோணா போன்ற வாய்க்கால்களில் குப்பையும் சல்வீனியா என்ற நீர்க்களையும் அடைத்தால் அதே கதைதான். வடிகான் பிரதான வீதியைக் கடக்க வேண்டுமென்றால், அங்குள்ள மதகு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கோ மாகாண வீதித் திணைக்களத்துக்கோ உரியது. அந்த மதகின் அடிமட்டத்தை முதலில் அளந்து, அங்கிருந்து பின்னோக்கி உங்கள் வடிகானை வரைய வேண்டும். பல வேலைகளில் ஒழுங்கைத் தலைப்பிலிருந்து வரைந்துகொண்டு போய், கடைசியில் மதகு ஒரு அடி உயரத்தில் நிற்பதைக் காண்கிறார்கள்.

சனமும் எல்லா ஒழுங்கைக்கும் கொங்கிறீட் வடிகான் கேட்கிறார்கள் என்பது உண்மை. சில இடங்களில் அதைவிட, வீதியையே நடுவில் சற்றுத் தாழ்த்தி மழைநீரை அதன் மேலால் விடுவது நல்லது. இன்னும் சில இடங்களுக்கு அகலமான, ஆழங்குறைந்த, புல் பிடித்த மண் வாய்க்கால் போதும். நடையின்போது மட்டக் கணக்கைக் காட்டி விளங்கப்படுத்தினால் சனம் ஏற்றுக்கொள்வார்கள். அலுவலகத்தில் முடிவெடுத்து "உங்களுக்கு வடிகான் இல்லை" என்று சொன்னால் புறக்கணிப்பாகத்தான் எடுப்பார்கள். காத்தான்குடி – ஆரையம்பதி, ஏறாவூர் – செங்கலடி போல ஊரும் ஊரும் ஒட்டிக் கிடக்கும் இடங்களில், தண்ணீர் இறங்கும் பக்கத்துச் சபையின் உத்தியோகத்தரும் அந்த ஒழுங்கைக்காரரும் அதே நடையில் இருக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் வெட்டிய வடிகான் முதல் மழைக்கே மண்மூட்டையால் அடைக்கப்படும். பிறகு அது இரண்டு ஊரின் பிரச்சினையாக மாறும்.

நடையிலேயே இன்னொன்றையும் கேட்டு எழுதுங்கள்: எந்த வீட்டுக்கு இன்னும் குழாய்நீர் இணைப்பு இல்லை, எந்தக் காணி வெறுங்காணி. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அந்த ஒழுங்கையில் பிரதான குழாய் போடும் எண்ணத்தில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கொங்கிறீட்டுக்கு முன் ஒவ்வொரு காணிக்கு நேரேயும் வீதிக்குக் குறுக்கே ஒன்றரை அடி ஆழத்தில் 50 மி.மீ. பீவீசி குழாய்த் துண்டு ஒன்றை வெறுமையாகப் புதைத்து, இரண்டு முனையையும் அடைத்து, விளிம்பில் பெயின்டால் புள்ளி வைத்துவிடலாம். அந்தச் செலவு மொத்த மதிப்பீட்டில் தெரியவே தெரியாது. செய்யாவிட்டால் ஆறு மாதத்தில் புதுவீதியை உடைத்துக் குழாய் போடுவார்கள், ஒட்டுப்போட்ட இடத்தால் தண்ணீர் இறங்கி அடிமணல் கரையும்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. நமக்கு அந்தக் கடைசி மூன்று மாதமும் மாரி. ஓகஸ்ட்டில் கேள்விப்பத்திரம் கோரி ஒக்டோபரில் ஒப்பந்தம் எழுதினால், பணம் திரும்பிப் போய்விடும் என்ற அவசரத்தில் நவம்பர் மழையில் கொங்கிறீட் போடவேண்டி வரும். மேலுள்ள சீமெந்துப் பால் கழுவுண்டு மறு வருடமே மெட்டல் (உடைத்த கருங்கல்) பல்லைக் காட்டும். பெரும்போக விதைப்பும் அதே நேரம் என்பதால் கூட்டத்துக்கும் ஆள் வராது. ஆகவே அடுத்த வருட வேலைக்கான ஒழுங்கை நடைகளை இந்த வருட மாரியிலேயே, தண்ணீர் நிற்கும்போதே வையுங்கள். மதிப்பீடும் ஒழுங்கைக்காரரின் ஒப்புதலும் ஜனவரியில் கையிலிருந்தால், நிதி வந்தவுடன் ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் வேலையை முடிக்கலாம்.

இனி வேலை நடக்கும் நாட்கள். மக்கள் கண்காணிப்பு என்றால் மேசனோடு சண்டை பிடிப்பது என்று ஒப்பந்தகாரர்கள் அஞ்சுகிறார்கள். எதைப் பார்ப்பது என்று தெரியாதவர்களை நிறுத்தினால் அதுதான் நடக்கும். தெளிவான ஒரு தாளைத் தமிழில் கொடுங்கள். மதிப்பீடுகள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அதன் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் தமிழாக்குவது அரைமணி நேர வேலை. 3 மீற்றர் அகலம், 150 மி.மீ. தடிப்பு, 100 மீற்றர் நீளமுள்ள ஒழுங்கைக்கு அந்தத் தாளில் இருக்க வேண்டியவை இவை.

மொத்தக் கொங்கிறீட் 45 கன மீற்றர். சீமெந்து, மணல், மெட்டல் 1:1½:3 கலவையென்றால் கன மீற்றருக்கு ஏறத்தாழ 8 பை வீதம் 50 கிலோ சீமெந்து 360 பை. மணல் 7 கியூப்புக்குச் (ஒரு கியூப் 100 கன அடி) சற்றுக் குறைய. முக்கால் அங்குல மெட்டல் 13 கியூப்புக்குச் சற்று மேல். வெறும் பைகளை எண்ணி வைத்தாலே பாதிக் கண்காணிப்பு முடிந்தது. தடிப்பு 125 மி.மீ. ஆகக் குறைந்தால் 60 பை மிச்சம். தடிப்பைப் பார்க்க, இரண்டு பக்கச் சட்டர் பலகைக்கும் குறுக்கே நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து அடித்தளத்துக்கு நடுவிலும் இரு ஓரத்திலும் அளக்க வேண்டும். பலகை ஓரத்தில் மட்டும் அளந்தால் சரியாகத்தான் இருக்கும். நடுவில் மண் மேடாகவிருப்பதுதான் வழமையான குறை.

கலவையை மண்வெட்டிக் கணக்கில் விடக் கூடாது. 15 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள அளவுப் பெட்டி சரியாக ஒரு பை சீமெந்தின் கொள்ளளவு. ஒரு பைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, மெட்டல் மூன்று பெட்டி, மேலே பலகையால் வழித்து மட்டமாக. தண்ணீர்தான் ஆகப் பெரிய பிரச்சினை. ஒரு பைக்கு 25 லீற்றர் அளவுதான், ஈரமணலென்றால் இன்னும் குறைய. பரப்ப இலகு என்று கூட்டிக் கூட்டி ஊற்றினால் கொங்கிறீட் கஞ்சியாகும், காயும்போது வெடிக்கும், மேலே தூள் பறக்கும். போக்கர் (கொங்கிறீட்டை அதிரவைத்து இறுக்கும் கருவி) இருந்தால் இறுகிய கலவையையும் இறக்கலாம், அதனால் போக்கர் வேலைத்தளத்தில் இருப்பதும் தாளில் இருக்கட்டும். மிக்சர் லொறியில் ஆயத்தக் கொங்கிறீட் வருமென்றால் பை எண்ணுவதில் பயனில்லை. லொறிச் சீட்டிலுள்ள தரம், கன அளவு, புறப்பட்ட நேரம் மூன்றையும் படமெடுத்து வைக்கலாம், வழியில் தண்ணீர் சேர்க்கிறார்களா என்று பார்க்கலாம்.

மணல் தரையில் பொலித்தீன் விரிக்காமல் போட்டால் சீமெந்துப் பால் கீழே இறங்கிவிடும். அதற்கு முன் மணலை நனைத்து இறுக்கியிருக்க வேண்டும். 4 மீற்றருக்கு ஒரு மூட்டு, ரெஜிபோம் என்ற நுரைத் தகடு வைத்தோ மறுநாள் கட்டரால் 50 மி.மீ. ஆழத்துக்கு வெட்டியோ, வைக்க வேண்டும். மூட்டு வைக்காத வீதி தான் நினைத்த இடத்தில் வெடிக்கும். வீதியோரத்துக்குக் கிறவல் போட்டு இறுக்காவிட்டால் மழை மணலை அரித்து, அந்தரத்தில் நிற்கும் விளிம்பு முதல் டிப்பருக்கு உடையும். கடற்கரை மணலைக் கழுவாமல் பாவிக்க விடக் கூடாது. மூடித் தட்டுபோலக் கம்பி வைக்கும் வேலையில் அந்த உப்பு கம்பியைத் தின்னும்.

சிரமதானம் பற்றியும் சொல்ல வேண்டும். "மக்கள் பங்களிப்பு" என்ற பெயரில் கூலித்தொழிலாளியின் ஒருநாள் சம்பளத்தைப் பிடுங்கிக் கொங்கிறீட் குழைக்க விடுவது நியாயமும் இல்லை, தரத்துக்கும் கேடு. ஆனால் ஒரு வேலையைக் குடியிருப்பாளர்களைவிட நன்றாக வேறெவரும் செய்ய முடியாது: ஈரம் காத்தல். கொங்கிறீட் குறைந்தது 7 நாள் காயாமல் நனைந்திருக்க வேண்டும். ஒப்பந்தகாரரின் ஆட்கள் இரண்டாம் நாளே அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு வீட்டாரும் தம் வாசலுக்கு நேரேயுள்ள நாலைந்து மீற்றரைச் சாக்கு விரித்துக் காலை, மதியம், மாலை நனைத்தால் போதும். கேட்டால் மறுக்க மாட்டார்கள், யாரும் கேட்பதில்லை.

கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ மாதர் சங்கத்துக்கோ வேலையை ஒப்பந்தமாகவே கொடுப்பது இன்னும் நல்லது. சமூக ஒப்பந்தம் 1980களின் பத்து லட்சம் வீடமைப்புத் திட்டத்தில் இந்த நாட்டிலேயே உருவான முறை. அது கெட்டுப்போவது இரண்டு காரணத்தால். ஒன்று, சங்கத்தின் பெயரில் ஒப்பந்தம், உள்ளே வேலை செய்பவர் ஒரு தனியாள். இதைத் தடுக்க, பொருள் வாங்கிய பற்றுச்சீட்டுகளின் பட்டியலை வாரத்துக்கொருமுறை ஒழுங்கை வாசலில் ஒட்டச் செய்யுங்கள். சங்கக் கணக்கில் ஒழுங்கைக்காரர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும் என்று விதியுங்கள். மற்றது, கைமுதல். சங்கத்திடம் வங்கி உத்தரவாதம் கொடுக்க வசதியில்லை, செய்த வேலைக்கான பட்டியல் (பில்) பணம் சபையிலிருந்து வர மாதக்கணக்காகிறது, ஹாட்வெயார் கடைக் கடனில் தலைவரும் பொருளாளரும் மாட்டுப்படுகிறார்கள், அடுத்த முறை எந்தச் சங்கமும் முன்வராது. சீமெந்தைச் சபையே நேரடியாக வாங்கிக் கொடுத்து அந்தப் பில்லில் கழித்துக்கொண்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும்.

கூட்ட நேரம் வாரநாள் காலை 10 மணியாக இருக்கும்வரை, வருவது ஓய்வூதியக்காரரும் சங்கத் தலைவர்களும்தான். மாலை 4.30க்குப் பிறகு, வெள்ளி தவிர்த்து, ஒழுங்கையிலேயே வையுங்கள். கழிவுநீர் எங்கே தேங்குகிறது, நுளம்பு எங்கே பெருகுகிறது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் பெண்கள். சில ஊர்களில் அவர்களோடு தனியாக இருந்து பேசினால்தான் விஷயம் வெளியே வரும். அதற்குப் பெண் உறுப்பினரையும் குடும்ப நல உத்தியோகத்தரையும் அனுப்பலாம்.

வடிகான் மூடித் தட்டுகளை 2 அடிச் சதுரமாக, 75 மி.மீ. தடிப்பில் வார்த்தெடுங்கள். ஒன்று 65 கிலோ வரும், இரண்டு பேர் தூக்கலாம். 4 அடிக்கு 2 அடி, 100 மி.மீ. தட்டு 170 கிலோவைத் தாண்டும். அதை எவரும் தூக்கமாட்டார்கள், செப்டம்பர் மாதத் துப்புரவு அத்தோடு நின்றுவிடும். எந்தத் தட்டுக்குக் கீழே வண்டல்குழி இருக்கிறது என்று மேலே குறியிட்டு, அந்தத் தகவலை ஒழுங்கைக்காரரிடம் கொடுத்துவையுங்கள்.

கடைசிப் பணம். ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் தடுத்துவைத்த தொகையை விடுவிக்கும் பரிசோதனை வெயில் காலத்தில் நடந்தால் எந்தக் குறையும் தெரியாது. குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தை (குறை தெரிந்தால் ஒப்பந்தகாரரே திருத்த வேண்டிய காலம்) 12 மாதமாக வைத்து, அதற்குள் ஒரு முழு மாரி அடங்கும்படி பாருங்கள். பெருமழை பெய்த மறுநாள் ஒழுங்கைக்காரர் மூவரோடு நடந்து, தண்ணீர் நிற்கும் இடங்களைச் சுண்ணாம்பால் வட்டமிட்டுப் படமெடுத்து, அவை திருத்தப்பட்ட பிறகு அவர்களின் கையெழுத்தோடு பணத்தை விடுவியுங்கள்.

எல்லா ஒழுங்கையிலும் ஒரேயடியாகத் தொடங்கச் சொல்லவில்லை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் வட்டாரத்துக்கு ஒரு ஒழுங்கையை இந்த முறையில் எடுங்கள். நடைக்கு வேண்டிய டியூப், பெட்டி, தாளின் மாதிரி ஆகியவற்றோடு வந்து, உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களோடு நின்று செய்துகாட்ட ஆயத்தமாக இருக்கிறோம். எழுத்தில் அழைத்தால் போதும்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உள்ளக வீதி, வடிகான் வேலைகளில் பணிபுரியும் தொழில்நுட்பத் துறையினரும் கிராம மட்டக் களப்பணியாளர்களும்